திருச்சியில் நம்ம பிலிம் சொசைட்டிக்கு 40 வயசு: புது வரிசையை எந்தப் படத்தில் தொடங்கலாம்?

நடு_இருக்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னூரில் ஒரு மாடி அறையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி 1985 டிசம்பரில் ஆரம்பித்த நம்ம சொசைட்டிக்கு வர்ற மாதம் 40 வருஷம் நிறைகிறது. புது திரையிடல் வரிசையும் அப்போதே தொடங்குகிறது. மாதம் ஒரு படம், மொத்தம் பன்னிரண்டு.

கமிட்டியில் இரண்டு யோசனை ஓடுகிறது. ஒன்று விழா. மண்டபம், சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர், பொன்னாடை, மலர் வெளியீடு. இன்னொன்று நான் சொன்னது. கையிருப்பில் இருக்கிற 46,000 ரூபாயை விழாவில் கரைக்காமல், பன்னிரண்டு படத்துக்கும் தமிழில் சப்டைட்டில் போடுவோம்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். நம்ம திரையிடலுக்கு உறையூரிலிருந்து ஒரு தையல்காரர் வருவார். பழைய ஆட்களுக்கு யாரென்று தெரியும். கடையை மூடிவிட்டு, தோளில் அளவு டேப் தொங்கத் தொங்க வந்து உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் காதோடு "என்ன சொல்றான் சார்?" என்று கேட்பார், நானும் மெதுவாகச் சொல்வேன். ஒரு நாள் முன்வரிசையில் இருந்தவர் திரும்பி "உஷ்" என்றார். அடுத்த மாதம் தையல்காரர் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. இங்கிலீஷ் சப்டைட்டில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் உலக சினிமா என்று ஊருக்குள் ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறோம். நாற்பதாவது வருஷத்திலாவது அதைப் பிடுங்கிப் போடணும்.

எந்தப் படத்தில் தொடங்கலாம், எங்கே போடலாம், யார் யார் வேலைக்கு வருவீர்கள் என்று சொல்லுங்கள். வழக்கமாகக் கிடைக்கும் அரங்கம் இந்த வருஷம் கிடைக்காது. காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டார்கள்.

---

வயலூர்_ரோடு எழுதியது:

சப்டைட்டில் யோசனை அருமை, நானும் ஆதரிக்கிறேன். ஆனா விழா வேண்டாம் என்பதை ஒத்துக்க முடியலை நண்பரே. போன மாதம் எத்தனை பேர் வந்தாங்க? இருபத்திரண்டு. அதில் பதினைந்து பேர் ஐம்பது வயசு தாண்டியவங்க. இப்படி ஒரு அமைப்பு இருக்குன்னே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு விழா வைத்தால் பேப்பரில் வரும், கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்க. நாற்பது வருஷம் நடத்தினவங்களை மேடையேற்றி ஒரு நன்றி சொல்லவாவது கூடாதா? பிலிம் பெட்டியைத் தலையில் சுமந்தவங்க நம்ம ஊரிலேயே இருக்காங்க.

---

பொன்மலைக்காரன் எழுதியது:

தம்பி வயலூர்_ரோடு, அந்தப் பெட்டியைச் சுமந்தவன்ல நானும் ஒருத்தன். எனக்குப் பொன்னாடை வேணாம்ப்பா. படம் போடுங்க, போதும்.

அந்தக் காலத்து வேலை எப்படி இருந்துச்சுன்னு இளசுங்களுக்குச் சொல்றேன். புனா ஆர்க்கைவ்ல இருந்து ரயில் பார்சல்ல தகரப் பெட்டி வரும். ஜங்ஷன்ல போயி ராத்திரியே எடுத்துட்டு வரணும், விட்டா டெமரேஜ்னு தாமதக் கட்டணம் போட்டுடுவான். 16 எம்எம்ல 1600 அடி ரீல் ஒண்ணு 44 நிமிஷம் ஓடும். நம்மகிட்ட புரொஜெக்டர் ஒண்ணுதான். அதனால ரீல் மாத்தும்போது லைட்டைப் போட்டு எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே பேசுவாங்க. சில சமயம் ஓடும்போதே, பிலிமைத் தளர்வா விட்டிருக்கிற லூப் போயிடும், படம் தடதடன்னு குதிக்கும். நிறுத்தி, பிலிம் ஓடுற கேட்டைத் திறந்து, பிலிம்ல பல்லு ஓட்டை கிழிஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாத்து, லூப்பைத் திரும்ப விட்டு ஓட்டணும். ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டரா இருந்ததால அந்த மெஷினோட எனக்கு ஒரு ஒட்டுதல்.

ஒண்ணு மட்டும் இன்னிக்கும் மனசுல கிடக்கு. முதல் வருஷம் சத்யஜித் ராயோட பதேர் பாஞ்சாலி போட்டோம், மூணு ரீல். டப்பா மேல எழுதியிருந்தது அழிஞ்சுபோயி, ரெண்டாவதுக்குப் பதிலா மூணாவது ரீலை மாட்டிட்டேன். துர்கா புள்ள செத்துப்போச்சு, ஊரை விட்டே கிளம்பிட்டாங்க. அப்புறம் அடுத்த ரீல்ல அந்தப் புள்ள தம்பியைக் கூட்டிக்கிட்டு நாணல் பூவுக்கு நடுவுல ரயில் பாக்க ஓடுது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு. நிறுத்தலாம்னு சுவிட்ச்சுல கையை வச்சேன். முன்னாடி ஒரு கிழவி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தது. அந்தப் புள்ள உசுரோட ஓடுறதைப் பாத்துத்தான் அழுதுச்சு. நான் நிறுத்தலை. முடிஞ்சதும் எழுந்து நின்னு தப்பு என்னுதுன்னு சொன்னேன். யாரும் திட்டலை, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க.

இடத்துக்கு நான் வழி பண்றேன். பொன்மலை சங்கத் திடல் பக்கத்துல ஒரு கூடம் இருக்கு. நூறு பேர் உக்காரலாம். வாடகை கேக்க மாட்டாங்க.

---

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கே உங்களுக்கு நன்றி. வகுப்பில் பதேர் பாஞ்சாலி நடத்தும்போதெல்லாம் இனி இந்தக் கிழவி ஞாபகம் வருவார்.

எந்தப் படம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் மாலுமிகளின் கலகத்தைப் பற்றி எடுத்த மௌனப் படமான 'போர்க்கப்பல் பொதெம்கின்' மாஸ்கோ போல்ஷாய் அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1925 டிசம்பர் 21. இந்த வருஷம் டிசம்பர் 21 ஞாயிற்றுக்கிழமை. நம்ம திரையிடலும் ஞாயிறுதான். இப்படி ஒரு நாள் தானாக வந்து விழுந்திருக்கும்போது வேறு படம் எதற்கு?

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா பிலிம் சொசைட்டி தொடங்கியபோது முதலில் போட்ட படம் இதுதான். அதற்கும் முன்னால், 1925இல் லண்டனில் ஆரம்பித்த பிலிம் சொசைட்டி, பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்குத் தடை இருந்த காலத்திலேயே 1929 நவம்பரில் உறுப்பினர்களுக்கு மட்டும் இதைத் திரையிட்டது. அந்தத் தடை விலகியது 1954இல்தான். 1959 டிசம்பரில் இந்தியாவின் பிலிம் சொசைட்டிகள் சேர்ந்து ராய் தலைமையில் கூட்டமைப்பு தொடங்கியபோது சென்னையும் அதில் இருந்தது. துணைத் தலைவர் அம்மு சுவாமிநாதன். நம்ம சொசைட்டி பிற்பாடு வந்தாலும் அதே கொடியில் பூத்ததுதான்.

ஜனவரிக்கு வங்க இயக்குநர் ரித்விக் கட்டக். அவருக்கும் இந்த நவம்பர் 4 அன்று நூறு நிறைந்தது. 'மேகே தாக்க தாரா' போடலாம். பிப்ரவரிக்கு, புனே திரைப்படக் கல்லூரியில் கட்டக்கிடம் படித்த ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'. 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியும் தியேட்டர்களில் இடம் கிடைக்காத படம். பிலிம் சொசைட்டிகள்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. ஆசிரியரில் தொடங்கி மாணவர் வரைக்கும் போகும் வரிசையாக அமையும்.

---

மலைக்கோட்டை_மாணவி எழுதியது:

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு விஸ்காம். தப்பா எடுத்துக்காதீங்க, நிஜமாவே கேக்குறேன். பொதெம்கின் யூடியூப்லயே கிடக்கு. நான் போன்ல பார்த்துட்டேன். ஹாஸ்டல் பெட்ல படுத்துக்கிட்டு, நடுவுல நாலு வாட்ஸ்ஆப் மெசேஜுக்குப் பதிலும் போட்டுக்கிட்டே பார்த்தேன். படிக்கட்டு சீன் ஃபேமஸ்னு சொன்னாங்க, பார்த்தாச்சு. வேற எதுவும் மனசுல நிக்கலை.

ஆனா காவிரிக்கரை மேடம் எழுதினதையும் பொன்மலை ஐயா எழுதினதையும் படிச்சப்புறம் நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையோன்னு தோணுது. சப்டைட்டில் வேலைக்கு நான் வரேன். க்ளாஸ்ல சப்டைட்டில் எடிட் சாஃப்ட்வேர் கத்துக்கொடுத்திருக்காங்க. ஃப்ரீதான். என்னோட இன்னும் மூணு பேர் வருவாங்க.

---

நடு_இருக்கை எழுதியது:

வாம்மா வா, உன்னை மாதிரி ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.

மௌனப் படம் என்பதால் நமக்கு இது நல்ல தொடக்கம். வசனம் கிடையாது, நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள்தான். 2005இல் பெர்லின் விழாவில் காட்டிய மறுசீரமைப்புப் பிரதியில் 146 அட்டை. நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு நாற்பது கூட வராது. ஐயா, சங்கத் திடல் பக்கத்து இடம் என்றால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம்.

---

சட்டப்_பார்வை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடணும்.

டிக்கெட் வசூலிக்காவிட்டால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம் என்று நம்மில் பலர் இத்தனை வருஷமாக நம்புகிறோம். அது சரியில்லை. நம்ம நாட்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. 1925இல் வந்த படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'மேகே தாக்க தாரா' 1960 படம், அதன் காலமும் முடிந்துவிட்டது. ஆனால் கதைக்கும் இசைக்கும் உரிமை தனித்தனி. 'அக்ரஹாரத்தில் கழுதை'க்கு உரிமையாளரிடம் கேட்டுத்தான் ஆகணும்.

பொதெம்கினிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எழுபதுகளில் சோவியத்தில் வெளியிட்ட பிரதியில் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனிகளைச் சேர்த்தார்கள். நிறைய டிவிடியில் இருப்பது அதுதான். அவர் இறந்தது 1975. அந்த இசை இன்னும் உரிமைக்குள்தான் இருக்கிறது. 1926இல் இந்தப் படத்துக்கென்றே எட்மண்ட் மைசல் எழுதிய இசைக்கு உரிமைக்காலம் முடிந்தது, ஆனால் அண்மையில் பதிவு செய்த ஒலிநாடாவுக்குத் தனி உரிமை உண்டு. மறுசீரமைத்த 2005 பிரதியைப் போடுவதென்றால் விநியோகஸ்தருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். லாப நோக்கமில்லாத சொசைட்டி என்று சொன்னால் குறைந்த தொகைதான் கேட்பார்கள் என்று நம்புகிறேன். கடிதம் நான் எழுதித் தருகிறேன். 46,000ல் இதற்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.

---

உறையூர்_தவில் எழுதியது:

சட்டம் தெரிஞ்சவர் சொன்னதைப் பாத்ததும் எனக்குத் தோணுச்சு. சத்தத்தை நிறுத்திட்டு நாங்களே வாசிச்சா என்ன? தவில், பறை, ஒரு வயலின். படிக்கட்டுல சிப்பாய்ங்க வரிசையா இறங்கி வர்ற காட்சிக்குப் பறை ஒண்ணு போதும். மௌனப் படக் காலத்துல தமிழ்நாட்டுக் கொட்டகையில திரைக்குப் பக்கத்துலயே வாத்தியம் வாசிச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. ஒருத்தர் நின்னு அட்டையைச் சத்தமா வாசிச்சுக் கதையும் சொல்லுவாராம்.

---

காவிரிக்கரை எழுதியது:

உங்கள் தாத்தா சொன்னது உண்மைதான் தம்பி. அந்தக் கதையே நம்ம ஊரில்தான் தொடங்குகிறது. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் துண்டுப் படங்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். பிற்பாடு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். இந்த ஊர் ரயில்வே ஊழியர் ஒருவர் கையில்தான் தென்னாட்டில் படம் காட்டும் தொழில் பிறந்தது என்றால் மிகையில்லை. அதனால் பொன்மலையில் திரையிடுவது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

ஆனால் இசையில் எனக்கு ஒரு தயக்கம். மைசல் அந்த இசையை ஐசன்ஸ்டைனோடு கலந்து பேசித்தான் எழுதினார். அதைத் தூக்கிவிட்டு நம்ம விருப்பத்துக்கு வாசிப்பது சரியா? முதல் முறை பார்க்கிறவர்களுக்குப் படத்தையே மாற்றிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

---

பொன்மலைக்காரன் எழுதியது:

மேடம், நீங்க சொல்றது நியாயம்தான். இருந்தாலும் எங்க ஊரைப் பத்தி ஒரு சேதி சொல்லணும்.

1946 செப்டம்பர் 5. சவுத் இந்தியன் ரயில்வே ஸ்டிரைக். இதே சங்கத் திடல்ல போலீஸ் சுட்டதுல அஞ்சு தொழிலாளி செத்தாங்க. வருஷா வருஷம் அன்னிக்கு இங்க அஞ்சலி நடக்கும். அந்தக் கூட்டத்துல எங்க அப்பாவும் இருந்தவரு. அதே வருஷம் பிப்ரவரியில பம்பாய்ல கப்பல் படைப் பசங்க எழுந்தாங்க. அவங்களும் சோறு சரியில்லைன்னுதான் முதல்ல ஆரம்பிச்சாங்க. பொதெம்கின்லயும் புழு வச்ச கறியிலதானே எல்லாம் ஆரம்பிக்குது? அந்த டாக்டர் கண்ணாடியை மடக்கி வச்சுக்கிட்டுக் கறியைப் பாத்துட்டு அது புழு இல்லைன்னு சொல்லுவான் பாருங்க, அந்த இடத்துல எங்க ஆளுங்க யாரும் சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க. பறை அடிச்சா இந்தத் திடலுக்குப் பொருந்தும். யோசிச்சுப் பாருங்க.

---

காவிரிக்கரை எழுதியது:

சரி ஐயா. உங்கள் திடல், நீங்களே முடிவு சொல்லுங்கள். நான் ஒத்துக்கொள்கிறேன். படத்துக்கு முன்னால் மைசல் பற்றி ஐந்து நிமிஷம் நான் பேசுகிறேன், அது மட்டும் வேண்டும்.

---

மலைக்கோட்டை_மாணவி எழுதியது:

முதல் 60 அட்டை முடிச்சாச்சு! மூணு இடத்துல மாட்டிக்கிட்டோம், உதவி பண்ணுங்க.

ஒண்ணு, கப்பல்ல ஒரு மாலுமி தட்டு கழுவும்போது அதுல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு ஓங்கி உடைக்கிறாரே, அந்த வாசகம். இங்கிலீஷ்ல 'டெய்லி பிரெட்'னு போட்டிருக்கு. நாங்க 'தினசரி ரொட்டி'ன்னு போட்டோம், படிச்சா பேக்கரி விளம்பரம் மாதிரி இருக்கு.

ரெண்டு, எதிர்த்து நின்ன மாலுமிங்களைத் தார்ப்பாய் போட்டு மூடிச் சுடச் சொல்லும்போது, வாகுலின்சுக்ங்கிற மாலுமி சுடப்போறவங்களைப் பார்த்துக் கத்துறது. 'சகோதரர்களே'ன்னு போட்டா சர்ச் பிரசங்கம் மாதிரி, 'தோழர்களே'ன்னு போட்டா மீட்டிங் மாதிரி.

மூணு, இறந்தப்புறம் அவர் நெஞ்சுல வச்சிருக்கிற சீட்டு. 'ஒரு கரண்டி போர்ஷ்ட்டுக்காக.' அது பீட்ரூட் சூப். போர்ஷ்ட்னா யாருக்குப் புரியும்? கஞ்சின்னு போடலாமா?

---

புத்தூர்_நாலுரோடு எழுதியது:

தட்டு வாசகத்துக்கு நான் உதவுறேன் தங்கச்சி. அது பைபிள், கர்த்தர் கற்பித்த ஜெபம். தமிழ் பைபிளிலேயே இருக்கு: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." கத்தோலிக்கர்கள் 'அனுதின உணவு'ன்னு சொல்லுவாங்க. நம்ம ஊரில் கோயிலுக்குப் போகிற எந்தப் பிள்ளையும் தூக்கத்திலும் சொல்லும். அதை அப்படியே போடுங்க. புழுத்த கறியைத் தின்னச் சொல்கிறவன் கொடுத்த தட்டில் அந்த ஜெபம் எழுதியிருக்கு. அந்தக் கோபம் அப்போதான் புரியும்.

---

பொன்மலைக்காரன் எழுதியது:

பாப்பா, துப்பாக்கியை நீட்டிக்கிட்டு நிக்கிறவனைப் பாத்து யாரும் தோழரேன்னு கூப்பிட மாட்டாங்க. அவனும் நம்ம வீட்டுப் பையன்தான்னு நெனச்சுத்தான் வாயி வரும். 'அண்ணன் தம்பிகளா! யாரைச் சுடுறீங்க?' அவ்வளவுதான்.

கஞ்சி வேணாம். சண்டையே கறியில வந்தது. குழம்புன்னு போடு.

---

வயலூர்_ரோடு எழுதியது:

கஞ்சி என்றால் ஏழ்மை உடனே தெரியுமே? கஞ்சித் தொட்டி என்ற சொல்லே நம்மிடம் இருக்கு.

---

காவிரிக்கரை எழுதியது:

கஞ்சி என்றால் படம் பார்க்கிறவர் மனதில் பஞ்சம் வந்துவிடும். இவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் இல்லை, அவமானப்படுத்தப்பட்டவர்கள். ஐயா சொல்வது சரி. அட்டைப்பெட்டியில் வருகிற சூப்பும் வேண்டாம். குழம்புதான் கரண்டியோடு சேர்கிறது.

வயலூர்_ரோடு, உங்கள் விழா யோசனையை நான் மறக்கவில்லை. பழைய ஆட்களின் பெயரை எல்லாம் படம் முடிந்ததும் நாமும் சப்டைட்டிலாகவே திரையில் ஓட்டினால் என்ன?

---

வயலூர்_ரோடு எழுதியது:

இது போதும் மேடம். மேடை வேண்டாம். பெயர்ப் பட்டியலை நான் தொகுக்கிறேன். 1985லிருந்து வருகைப் பதிவேடு என் வீட்டில்தான் இருக்கு.

---

மலைக்கோட்டை_மாணவி எழுதியது:

146ம் முடிஞ்சது. தொடக்கத்துல ட்ராட்ஸ்கி வாசகம் வருது. பிற்பாடு வந்த பிரதியில அதை எடுத்துட்டு லெனின் வாசகம் வச்சிருக்காங்க. நாங்க 2005 பிரதியில இருக்கிறதை அப்படியே போட்டிருக்கோம்.

ஒரு பயம் காட்டிடுச்சு. நேத்து கூடத்து லேப்டாப்ல ஓட்டிப் பார்த்தா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வந்தது. ஃபைலை யூடிஎஃப்-8ல சேவ் பண்ணாததுதான் காரணம். மாத்தினதும் தமிழ் வந்தது, ஆனா கொம்பு தனியா, எழுத்து தனியா நின்னுச்சு. நோட்டோ தமிழ் ஃபான்ட் போட்டப்புறம்தான் சரியாச்சு. யாராவது வேற ஊர்ல இதைச் செஞ்சா முதல்லயே பார்த்துக்கோங்க.

---

சட்டப்_பார்வை எழுதியது:

விநியோகஸ்தரிடமிருந்து எழுத்தில் சம்மதம் வந்துவிட்டது. ஒரு முறை திரையிட மட்டும். தொகை நம்ம கைக்குள்தான் இருக்கிறது. நகலை நடு_இருக்கைக்கு அனுப்பியிருக்கிறேன்.

---

நடு_இருக்கை எழுதியது:

இன்று காலை உறையூர் போயிருந்தேன். அந்தத் தையல்கடைக்குத்தான். லேப்டாப்பையும் சின்ன புரொஜெக்டரையும் கொண்டுபோய், கடைக்குள் விளக்கை அணைத்து, வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணி மேலேயே முதல் இரண்டு பாகத்தை ஓட்டினேன். உறையூர்_தவில் தம்பியும் கூட வந்து மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

தையல்காரர் ஒவ்வொரு அட்டையையும் வாய்விட்டு வாசித்தார். தட்டு உடைகிற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தார்ப்பாய் விழுந்தபோது எழுந்து நின்றுவிட்டார். 'அண்ணன் தம்பிகளா' என்று வந்ததும் துப்பாக்கிகள் இறங்குவதைப் பார்த்து, "சுடலை சார், சுடலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரை அனுப்பிவிட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீதி எப்போது என்று மட்டும் கேட்டார்.

ஒரு குறை சொன்னார். எழுத்து சின்னதாக இருக்கிறதாம். கடையிலேயே அப்படி என்றால் கடைசி வரிசையில் உட்கார்கிற பெரியவர்களுக்குத் தெரியாது. மாணவி, ஒரு அட்டைக்கு இரண்டு வரிக்கு மேல் போகாமல், எழுத்தை இன்னும் கால் பங்கு பெரிதாக்கி அனுப்பிவிடும்மா. நீளமாக இருக்கிற ஆறேழு அட்டையைச் சுருக்கவேண்டி வரும்.

டிசம்பர் 21, ஞாயிறு மாலை 5.30. பொன்மலை, சங்கத் திடல் பக்கத்துக் கூடம். படம் ஒன்றே கால் மணி நேரம், அப்புறம் பேச்சு. புரொஜெக்டரைப் பொன்மலை ஐயாதான் இயக்குகிறார். ரீல் இல்லாவிட்டாலும் நடுவில் ஒரு முறை நிறுத்தி லைட்டைப் போட்டு டீ கொடுக்கணும் என்று கேட்டிருக்கிறார், மூன்றாம் பாகம் முடிந்ததும் கொடுக்கிறோம். நாற்காலி எழுபதுதான் இருக்கிறது. முப்பது பேருக்குப் பாய் வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.